விற்ற வண்டி, விடாத வம்பு

கேள்வி: குறுவை நடவுச் செலவுக்காகப் பழைய மொபெட்டை ஓ.எல்.எக்ஸில் போட்டு விற்றேன். மன்னார்குடிக்காரர் ஒருவர் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினார். இப்போது, "இன்ஜின் போச்சு, பாதிப் பணத்தைக் கொடு, இல்லாவிட்டால் போலீஸ்" என்கிறார். என்ன செய்வது?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: இன்ஜின் கிடக்கட்டும். ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது? உங்கள் பேரில்தான் என்றால், கவலை அங்கே இருக்க வேண்டும். 2018-ல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வண்டி எத்தனை கை மாறினாலும், விபத்து இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு. விற்ற 14 நாளுக்குள் படிவம் 29-ஐ ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். காலையிலேயே கிளம்புங்கள்.

இனி சண்டைக்கு வருவோம். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி, பார்த்து வாங்கிய பழைய பொருளின் தரத்துக்குப் பொதுவாக விற்றவர் ஜவாப்தாரி அல்ல. ஆனால் கெட்டி ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்கியோ, மீட்டரைத் திருப்பியோ விற்றிருந்தால் அது மோசடி, பணத்தைக் கொடுத்துவிடுங்கள். (செய்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.)

போலீஸ் என்றதும் பதற வேண்டாம். மோசடி இல்லாதவரை இது சிவில் விவகாரம். கூப்பிட்டால் விளம்பரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் காட்டுங்கள், எதையும் அழிக்காதீர்கள். ஊர்ச் சமாதானத்துக்காக மெக்கானிக் செலவில் கொஞ்சம் கொடுப்பதானால், "இத்துடன் கணக்குத் தீர்ந்தது" என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.