செவிலியர் பணிமுறைகளின் சுமை

ஒரு நாளைச் சிறுபொழுது ஆறாகப் பகுத்துக் கொள்ளுதல் நம் நூலார் வழக்கு. மருத்துவமனையோ அதனை மூன்றாகப் பகுத்துக் காலை முறை, பிற்பகல் முறை, இரவு முறை எனப் பெயரிட்டுச் செவிலியரை அவற்றுள் நிறுத்துகின்றது. இம்மூன்றனுள் சுமை மிக்கது யாதென்பதனை ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம். (செவிலி என்னுஞ் சொல் பழைய அகப்பாடல்களில் வளர்த்த தாயைக் குறித்து நின்றது, இன்று நோயாளரைப் பேணுவாரைக் குறிக்கின்றது. பொருள் நெடுந்தூரம் சென்றுவிடவில்லை.)

காலை முறையே கடிது என்று எவரும் எளிதிற் கூறுவர். நோயாளரின் உடல் துடைத்துப் படுக்கை மாற்றுதல், மருத்துவர் வார்டைச் சுற்றி வருங்கால் உடன் சென்று அவர் பணிப்பனவற்றைக் குறித்தல், அறுவைக்குச் செல்வாரை ஆயத்தஞ் செய்தல், வீடு திரும்புவார்க்கு மருந்துண்ணும் முறையை உணர்த்துதல் ஆகிய யாவும் அப்பொழுதே குவிகின்றன. பிற்பகலிற் புதியோர் சேர்வர். அறுவை முடிந்தோர் மீள்வர். காண வருவோரும் மிகுவர். இரவில் விளக்குத் தணிகின்றது. ஆதலின் செவிலியர் சிலரே போதுமென்று தோன்றும்.

இவ்வெண்ணம் சட்டங்களிலும் ஏறியுள்ளது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து 2015ஆம் ஆண்டுச் சட்டம், பெரிய மருத்துவமனைகளின் பொது வார்டுகளிற் பகல் முறை இரண்டிற்கும் நோயாளர் 4 பேருக்கு ஒரு செவிலியரையும், இரவிற்கு 8 பேருக்கு ஒருவரையும் விதித்தது. குவீன்ஸ்லாந்து மாநிலம் 2016இல் பகலுக்கு 4, இரவுக்கு 7 என வரையறுத்தது. கலிபோர்னியாவோ 1999இல் சட்டமியற்றி, 2004 முதல் நடைமுறைப்படுத்தி, 2005இலிருந்து இத்தகைய வார்டுகளில் 5 பேருக்கு ஒருவர் என்றது. அங்கே இரவு பகல் என்னும் வேற்றுமை இல்லை.

40 படுக்கையுள்ள வார்டொன்றைக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். மேற்பார்வையாளரை நீக்கி எண்ணின், விக்டோரியாவில் 10, 10, 5 ஆக 25 பேர் வேண்டும். கலிபோர்னியாவில் நாளை மூன்று முறையாகவே கொள்ளின், முறைக்கு 8 ஆக 24 பேர். படையின் அளவு ஏறக்குறைய ஒன்றே; நிறுத்தும் இடந்தான் வேறு!

இவற்றுள் எது தக்கது? நள்ளிரவில் ஒரு நோயாளர்க்கு மூச்சுத் திணறுகின்றது எனக் கொள்வோம். இருவர் அவரருகே நிற்பர். ஐவரில் எஞ்சிய மூவர் 39 பேரைக் காத்தல் வேண்டும்; ஒருவர்க்குப் பதின்மூவர். பகலிலாயின் எஞ்சுவோர் எண்மர், ஒருவர்க்கு ஐவரே. அன்றியும், பகலில் மருத்துவர் பலர் அருகிருப்பர். இரவிலோ உறங்குகின்ற மருத்துவரை எழுப்புவதா, இன்னும் சற்றுப் பொறுப்பதா என்று செவிலியரே துணிதல் வேண்டும். செய்யும் வேலையை எண்ணுவார் இத்துணிவின் பாரத்தை எண்ணுவதில்லை.

உடலும் இரவிற்குப் பகையே. வைகறையை ஒட்டி உடலின் வெப்பம் தாழ்ந்து, விழிப்பும் மிகக் குன்றுகின்றது. இரவு முறைப் பணி புற்றுநோய் விளைக்கக்கூடும் எனக் கருதத்தக்கவற்றுள் ஒன்றென்று, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2007இல் வகைப்படுத்தி, 2019இல் மீண்டும் உறுதிசெய்தது.

நம் நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் முறைகள் ஒத்த நீளமுடையனவும் அல்ல. பகல் முறைகள் ஆறு மணி அளவினவாக, இரவு முறை பன்னிரண்டு மணி நீள்கின்றது. மாலையிற் புகுந்து, யாமமும் வைகறையுங் கடந்து, காலையிலேதான் செவிலியர் வெளிவருகின்றார். இரத்தம் எடுத்தல், காலை மருந்து வழங்கல், அடுத்த முறையினர்க்கு ஒவ்வொரு நோயாளரின் நிலையையும் ஒப்புவித்தல் ஆகிய நுண்பணிகள் அந்நெடிய முறையின் இறுதியிலேயே வந்து சேர்கின்றன. இரவில் ஆட்குறைத்தல் இன்றியமையாததாயின், அது நள்ளிரவுக்கு அடுத்த சில மணிகளோடு நிற்க. வைகறைக்கு இருவரேனும் மிகுதியாக வருதல் வேண்டுமென்பது எம் துணிபு.