மணலுக்கு முன் தண்ணீர்: களம் அமைக்கும் இளைஞருக்கு ஒரு கடிதம்

இங்கிலாந்தின் தாழ்நிலங்களில் திறந்தவெளிக் குதிரையேற்றக் களம் அமைக்கும் தொழிலில் இறங்கியிருக்கும் இளம் அமைப்பாளருக்கு,

எந்த மேற்பரப்பு சிறந்தது என்று கேட்டால் விற்பனையாளர்கள் ஒரு பொருளின் பெயரைத்தான் விடையாகச் சொல்வார்கள். ஆனால் ஒரே மணல் காய்ந்தபோது ஒருவிதமாகவும், நனைந்தபோது வேறுவிதமாகவும், பனியில் உறைந்தபோது முற்றிலும் மாறியும் நடந்துகொள்வதால், களத்தைப் பேணப்போகிறவருக்கு எவ்வளவு தண்ணீரும் நேரமும் கிடைக்கும் என்பதை அறியாமல் பொருளைத் தேர்வது முறையாகாது.

குளம்பு தரையில் படும் கணத்தில் சற்று வழுக்கிச் சென்று நிற்கிறது. பிறகு உடலின் எடை முழுவதும் அதன் மேல் இறங்குகிறது. இறுதியில் குளம்பின் முன்விளிம்பு தரையை உந்திப் புரண்டு எழுகிறது. இம்மூன்று நிலைகளிலும் தரை வெவ்வேறு விதமாக உதவ வேண்டியிருப்பதால்தான், சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் ஆதரவோடு 2014-இல் வெளிவந்த ஆய்வறிக்கை, முதல் மோதலின் கடினம், எடையைத் தாங்கும் மென்மை, மீள்திறன், பிடிப்பு, களமெங்கும் ஒரே சீர்மை ஆகிய பண்புகளைத் தனித்தனியாக அளக்கச் சொல்கிறது. இவற்றுள் பிடிப்பைப் பற்றியே தவறான எண்ணம் மிகுதி. பிடிப்பு குறைந்தால் குதிரை சறுக்கும் என்பது எவருக்கும் தெரியும். பிடிப்பு மிகுந்தால் அந்தச் சிறு வழுக்கல் தடைப்பட்டு, மோதலின் விசை மூட்டுகளுக்கும் தசைநாண்களுக்கும், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார்களுக்கும், ஏறிவிடுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. தளர்ந்த ஆழமான மணலும் தசைநாண்களைக் களைப்படையச் செய்கிறது என்பதால், காலுக்கு இதமாகத் தோன்றும் தரை குதிரைக்கு நல்லது என்று கொள்வதற்கில்லை.

தாழ்நிலக் களிமண்ணில் மழைநீர் இறங்க வழியில்லாததால், செலவின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்துக்கே போக வேண்டும். மேல்மண்ணை அகற்றி, நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை என்ற அளவில் சரிவு கொடுத்து, துளையிட்ட வடிகுழாய்களைப் பதித்து, அவற்றின் மேல் தூசற்ற உடைகல்லை 150 முதல் 200 மில்லிமீட்டர் வரை பரப்புவது வழக்கம். கல்லுக்குக் கீழும் மேலும் ஜியோடெக்ஸ்டைல் விரிக்கப்படுகிறது. நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் இந்தச் செயற்கைத் துணி இல்லையென்றால், கீழிருந்து களிமண்ணும் மேலிருந்து மணலும் கல்லின் இடைவெளிகளை அடைத்துவிடும். அடித்தளத்தில் சிக்கனம் பிடித்துவிட்டு மணலில் தாராளம் காட்டும் உரிமையாளரை இளம் அமைப்பாளர் பணிவாகவும் உறுதியாகவும் மறுக்க வேண்டும்.

மணலில் துகளின் வடிவமே முதன்மையானது. நீரோட்டத்தில் உருண்டு தேய்ந்த துகள்கள் குளம்பின் கீழ் கோலிக்குண்டுகளைப் போல நழுவும். இயந்திரத்தில் உடைத்த கூர்மையான துகள்கள் நுண்தூளோடு சேர்ந்து இறுகிவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட, முனை சற்றே மழுங்கிய சிலிக்கா மணலே ஏற்றது. ஒரு கண்ணாடிக் குடுவையில் மணலும் நீரும் இட்டுக் குலுக்கி வைத்தால், மேலே படியும் சேற்றின் தடிப்பு நுண்தூள் எவ்வளவு என்பதைக் காட்டிவிடும். அத்தூள் காய்ந்து காற்றில் பறக்கும்போது குதிரையின் நுரையீரலுக்கும் மனிதரின் நுரையீரலுக்கும் தீங்கு செய்வதால், இச்சோதனையைச் செய்யாமல் எந்தச் சுமையையும் இறக்க அனுமதிக்கக் கூடாது.

இனித் தண்ணீர். 20 மீட்டருக்கு 40 மீட்டர் அளவுள்ள களத்தின் பரப்பு 800 சதுர மீட்டர்; அதிலிருந்து ஒரு மில்லிமீட்டர் நீர் ஆவியானாலே 800 லிட்டர் போய்விடுகிறது. வெப்பமான கோடை நாளில் 3 மில்லிமீட்டர் உலர்ந்தால் 2,400 லிட்டரை மீண்டும் ஊற்றியாக வேண்டும். இந்தக் கணக்கை உரிமையாளரிடம் முதல் சந்திப்பிலேயே வைத்து, அவ்வளவு நீர் கிடைக்காது என்று தெரிந்தால், மெழுகு பூசிய மணலைப் பரிந்துரைப்பது நியாயம். அது நீரை அதிகம் நம்பியிராது, குளிரில் உறைவதும் குறைவு. எனினும் கடும் வெயிலில் மெழுகு இளகித் தரையின் தன்மை மாறுகிறது, சில ஆண்டுகளில் மெழுகு தேய்ந்து மறுபூச்சு தேவைப்படுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீர் வசதி உள்ள இடத்தில் சிலிக்கா மணலோடு செயற்கை இழைகளைக் கலப்பது துகள்களைப் பிணைத்துப் பிடிப்பைக் கூட்டும். மரச்சீவல் மலிவானது, ஆனால் மக்கிச் சேறாகும்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் கிரீனிச் பூங்காவின் தொன்மையான நிலத்தைத் தோண்டாமல் காக்க, தூண்களின் மேல் எழுப்பிய மேடையில் மணல் பரப்பிக் களம் அமைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டின் முன்னோட்டப் போட்டியில் மேற்பரப்பைப் பற்றி எழுந்த குறைகள் பின்னர் திருத்தப்பட்டன. உலகத்தரமான நிபுணர்கள் அமைத்த களத்துக்கே குதிரைகள் ஓடிப் பார்த்த பிறகு திருத்தம் தேவைப்பட்டதென்றால், சிறிய குதிரையேற்றப் பள்ளியின் களத்துக்கும் அத்தகைய சோதனைக் காலத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பது முறையானது.

அந்தச் சோதனைக் காலத்தில், மணலைச் சமன்படுத்தும் பரம்படித்தல் அன்றாடம் நடைபெற வேண்டும். குதிரைகள் வேலியோரமாகவே சுற்றுவதால் அங்கே பள்ளமும் நடுவில் மேடும் உருவாகின்றன. சாணத்தை உடனுக்குடன் அள்ளாவிட்டால் அது மட்கி மணலில் நுண்தூளாகக் கலந்து வடிகாலைக் கெடுக்கும். முழு ஆழத்துக்கும் மணலை ஒரே தவணையில் கொட்டாமல், முதலில் 100 மில்லிமீட்டர் பரப்பி, சில வாரங்கள் குதிரைகளை ஓடவிட்டு, அது இறுகியபின் தேவைக்கேற்பச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதே நல்லது. மிகையாகக் கொட்டிய மணலை அடித்தளத்தைக் கிளறாமல் அள்ளுவது மிகக் கடினம். இழையோ டயர் ரப்பரோ கலப்பதானால், முதல் மழைக்காலம் கழிந்து வடிகால் சரியாக ஓடுகிறது என்று உறுதியான பிறகே கலக்க வேண்டும். கலந்த மணலைப் பிரிக்கவும் முடியாது, வயலில் கொட்டவும் முடியாது.