பேட்டர்ன் தாளைக் கொண்டு கோடைக் கவுன் தைக்கும் முறை

ஆடையின் ஒவ்வொரு பகுதியையும் முழு அளவில் வரைந்து, துணியின் மேல் வைத்து வெட்டுவதற்கு ஏற்ப அச்சிட்டு விற்கப்படும் மெல்லிய தாள்களின் தொகுப்பே பேட்டர்ன் எனப்படுகிறது. அமெரிக்கத் தையற்காரரான எபனேசர் பட்டரிக் 1863இல் இத்தகைய தாள்களைப் பல அளவுகளில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். எந்த நிறுவனத்தின் தாளும் ஒரு பொது உடலமைப்பைக் கணக்கில் கொண்டே வரையப்படுவதால், கவுனின் பொருத்தம் மெஷினில் தைப்பதற்கு முன் செய்யப்படும் வேலைகளையே பெரிதும் சார்ந்திருக்கிறது. கையில்லாததும், மார்பில் டார்ட் பிடித்ததும், இடுப்பில் சுருக்கம் வைத்ததும், பின்புறம் ஜிப் உள்ளதுமான பருத்திக் கவுன் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

1. அளவைத் தேர்தல்

கடையில் வாங்கும் ஆயத்த ஆடையின் எண்ணும் பேட்டர்ன் உறையில் உள்ள எண்ணும் ஒன்றல்ல. பட்டரிக், சிம்ப்ளிசிட்டி போன்ற அமெரிக்கப் பேட்டர்ன்களில் 12ஆம் எண் 34 அங்குல மார்பளவையும், 14ஆம் எண் 36 அங்குல மார்பளவையும் குறிப்பதால், உடலை டேப்பால் அளந்து, உறையின் பின்புற அட்டவணையோடு ஒப்பிட்டே எண்ணைத் தேர வேண்டும். அத்துடன், தைத்து முடித்த ஆடையின் அளவு பெரும்பாலும் தாளிலோ உறையிலோ தனியே அச்சிடப்பட்டிருக்கும். அதற்கும் உடலளவுக்கும் உள்ள வேறுபாடே ‘லூஸ்’ என்று தையற்காரர்கள் கூறும் தளர்வாகும். 36 அங்குல மார்பளவுக்குரிய கவுன் 40 அங்குலமாக முடியுமெனில், 4 அங்குலத் தளர்வு அதிலேயே சேர்க்கப்பட்டுள்ளது என்று பொருள்.

2. துணியையும் தாளையும் ஆயத்தப்படுத்துதல்

கோடைக்குப் பாப்ளின், வாயில், லினன் ஆகியவை ஏற்றவை. ஆயினும் வாயில் போன்ற மெல்லிய துணிக்கு உள்துணி தேவைப்படும். பருத்தியும் லினனும் முதல் சலவையில் சுருங்கக்கூடியவை என்பதால், வெட்டுவதற்கு முன்பே துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டும். மடிப்பு விழுந்த பேட்டர்ன் தாளையும் நீராவி இல்லாத மிதமான சூட்டில் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும்.

3. சோதனைத் தையல்

மலிவான காடாத் துணியில் மேற்பகுதியை மட்டும் வெட்டி, நீளமான தையலால் இணைத்து அணிந்து பார்ப்பதே சோதனைத் தையல். டார்ட்டின் முனை மார்பின் உச்சியைத் தாண்டாமல் சற்று முன்னரே முடிகிறதா, அக்குளில் துணி பிதுங்குகிறதா, இடுப்புக்கோடு உரிய இடத்தில் நிற்கிறதா என்பவற்றைக் கவனித்து, தேவையான திருத்தங்களைத் தாளிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

4. வெட்டுதல்

தாளில் உள்ள நீண்ட அம்புக்குறி, துணியின் கரைக்கு இணையாக ஓடும் நெடுக்கு இழையைக் குறிக்கிறது. அம்பின் இரு முனைகளிலிருந்தும் கரைவரை அளந்து, இரண்டு அளவுகளும் சமமாக இருக்குமாறு தாளைக் குண்டூசியால் பொருத்தாவிட்டால், தைத்த கவுன் ஒருபக்கமாகத் திருகிக்கொள்ளும். அமெரிக்கப் பேட்டர்ன்களில் தையலுக்கு விடவேண்டிய 1.5 செ.மீ. பெரும்பாலும் சேர்க்கப்பட்டே இருக்கும். பர்தா இதழில் வரும் பேட்டர்ன்களில் அது சேர்க்கப்படாததால், அந்த அளவைச் சுற்றிலும் கூட்டியே வெட்ட வேண்டும். இணைய வேண்டிய பகுதிகளைக் காட்டும் ஓரக் குறிகளையும் டார்ட்டின் கோடுகளையும் சாக் கொண்டு துணியில் பதித்த பிறகே தாளை அகற்ற வேண்டும்.

5. மேற்பகுதி

கழுத்து வளைவும் கைவளைவும் இழுபட்டு விரியாதிருக்க, தையற்கோட்டுக்குச் சற்று வெளியே, ஓரத்துணியின் மேல் ஒற்றைத் தையல் ஓட்ட வேண்டும். அடுத்து டார்ட்டுகளைத் தைத்து, முனையில் நூலை முடிச்சிட்டுக் கீழ்நோக்கித் தேய்த்து, தோள்களை இணைக்க வேண்டும். கழுத்தின் உட்புறம் வைக்கும் பட்டியாகிய ஃபேசிங்கைத் தைத்தபின், வளைவில் ஆங்காங்கே கத்தரித்து, ஓரத்துணியை அப்பட்டியோடு சேர்த்து மீண்டும் ஒரு வரி தைத்தால், பட்டி வெளியே எட்டிப் பார்க்காது. கைவளைவுகளைக் கிராஸாக வெட்டிய பட்டியால் முடித்துப் பக்கங்களை இணைக்கலாம்.

6. பாவாடைப் பகுதி, ஜிப், கீழ்மடிப்பு

பாவாடையின் மேல்விளிம்பில் நீளத் தையலாக இரண்டு வரிகள் ஓட்டி, அடிநூலை இழுத்துச் சுருக்கத்தைச் சீராகப் பரப்பி மேற்பகுதியோடு இணைத்த பின்னர், இருபுறமும் இடுப்புத் தையல் நேர்க்கோட்டில் அமையுமாறு ஜிப்பைப் பொருத்த வேண்டும். நெடுக்கு இழையில் வெட்டிய பாவாடையை உடனே மடித்துத் தைக்கலாம். அகன்று விரியும் வெட்டாயின், கிராஸ் இழை தொங்கி நீளக்கூடும் என்பதால் ஓரிரவு தொங்கவிட்ட பிறகே கீழ்விளிம்பை அளந்து ஹெம்மிங் செய்வது முறை. ஒவ்வொரு தையலையும் அடுத்த தையல் குறுக்கிடும் முன் தேய்த்துவிடுவது ஆடைக்கு நேர்த்தி தரும்.

திருத்தங்கள் குறிக்கப்பட்ட தாளைத் தேதியுடனும் உடலளவுகளுடனும் உறையிலிட்டுப் பாதுகாக்க வேண்டும். உடலளவு மாறாதவரை, அதே அமைப்பில் அடுத்துத் தைக்கும் கவுனுக்குச் சோதனைத் தையல் தேவைப்படாது.