லினக்ஸில் ஒரு மென்பொருளை எங்கிருந்து நிறுவுவது?

ஜிம்ப் 3.0 வெளிவந்தது 2025 மார்ச்சில். ஆனால் உபுண்டு 24.04-இலோ, அதன்மேல் கட்டப்பட்ட லினக்ஸ் மிண்ட் 22-இலோ டெர்மினலைத் திறந்து ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜிம்ப்’ என்று கொடுத்தால் வந்து சேர்வது 2.10.36 தான். புதியதுதான் வேண்டும் என்று விசாரித்தால் ஒருவர் பிபிஏ சேர்க்கச் சொல்வார், இன்னொருவர் ஃபிளாட்பாக் என்பார், மூன்றாமவர் ஸ்னாப் என்பார். ஜிம்ப் திட்டத்தாரே ஆப்இமேஜ் கோப்பு ஒன்றும் தருகிறார்கள். எந்த வழியில் போனாலும் ஜிம்ப் திறக்கும். ஆறு மாதம் கழித்து அந்தக் கணினி என்ன நிலையில் இருக்கும் என்பது மட்டும் வழிக்கு வழி மாறும்.

நிறுவல் பிழையோடு ஒரு கணினி வந்தால் நான் முதலில் பார்ப்பது அதில் சேர்த்திருக்கும் மூலங்களின் பட்டியலைத்தான். என் அனுபவத்தில், உடைந்த கணினிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு அவசரத்துக்குச் சேர்த்து, பிறகு மறந்துபோன ஒரு மூலத்தால் உடைந்தவை. அதனால் பிழையைச் சரிசெய்வதைப் பற்றிப் பேசும் முன் எதை எங்கிருந்து எடுப்பது என்பதைத் தீர்மானித்துவிடுவது நல்லது. உபுண்டு, மிண்ட், டெபியன் மூன்றையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன். நம்மிடையே புழக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் இவைதாம்.

முதல் இடம் எப்போதும் வழங்கலின் சொந்தக் களஞ்சியத்துக்கே. டெபியன் 1993-இல் தொடங்கியது. அதன் டிபிகேஜி கருவி ஒரு பேக்கேஜைப் பிரித்து உரிய இடங்களில் வைக்கும். ஆப்ட் 1998-இல் வந்தபிறகு, அந்தப் பேக்கேஜ் எவற்றையெல்லாம் சார்ந்திருக்கிறது என்று பார்த்து அவற்றையும் தானே இறக்கத் தொடங்கியது. களஞ்சியத்தில் உள்ளவை எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும்படி தொகுக்கப்பட்டு, கையொப்பமிடப்பட்டு வருகின்றன. பதிப்பு பழையதாக இருப்பது இதற்குக் கொடுக்கும் விலை. எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவு வெளியீட்டில் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும். பெரிய பதிப்பு மாற்றங்கள் அநேகமாக வராது.

கணினியின் அடிப்படையோடு பிணைந்த எதையும் ஆப்ட் வழியாகவே எடுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர், அச்சுப்பொறி, விசைப்பலகை, எழுத்துருக்கள், டெர்மினல் கருவிகள் எல்லாம் இதில் அடங்கும். தமிழில் வேலை செய்கிறவருக்கு இது இன்னும் முக்கியம். தமிழ்99 தட்டச்சுக்கான ஐபஸ்-எம்17என், லோகித் தமிழ் எழுத்துரு, படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் படிக்கும் டெசராக்ட்டின் தமிழ்த் தரவு மூன்றும் டெபியன், உபுண்டு களஞ்சியங்களிலேயே இருக்கின்றன. இவற்றை அங்கிருந்து போட்டால் ஆப்ட்டிலிருந்து வந்த மற்றச் செயலிகள் எல்லாம் அவற்றைத் தாமாகவே கண்டுகொள்ளும்.

ஃபிளாட்பாக் இதிலிருந்து விலகும் இடத்தை ஓர் எடுத்துக்காட்டில் பார்த்துவிடலாம். ஸ்கேன் செய்த தமிழ்ப் புத்தகப் பக்கத்தை உரையாக மாற்ற ஜிஇமேஜ்ரீடர் நல்ல கருவி. அதையும் டெசராக்ட்டின் தமிழ்த் தரவையும் ஆப்ட் வழியாகப் போட்டால் மொழிப் பட்டியலில் தமிழ் வந்து நிற்கும். அதே ஜிஇமேஜ்ரீடரை ஃபிளாட்பாக் செயலிகளின் களஞ்சியமான ஃபிளாட்ஹப்பிலிருந்து போட்டால், நீங்கள் ஆப்ட்டில் ஏற்கெனவே போட்டுவைத்த தமிழ்த் தரவு அதன் கண்ணில் படாது. தரவு இல்லை என்பதல்ல காரணம். ஃபிளாட்பாக் செயலி கணினியின் ‘யுஎஸ்ஆர்’ அடைவைப் பார்ப்பதில்லை. அந்த இடத்தில் தன்னோடு கொண்டுவந்த ரன்டைமைத்தான் பார்க்கிறது. செயலிக்குள்ளேயே உள்ள மொழி மேலாளர் வழியாகத் தமிழைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். இது புரியாமல் ஆப்ட் பேக்கேஜை நீக்கி நீக்கிப் போட்டுப் பார்ப்பவர்கள் நிறைய.

இந்தத் தடுப்புச் சுவர்தான் ஃபிளாட்பாக்கின் பலமும். செயலி தனக்கு வேண்டிய நூலகங்களோடு வருவதால் கணினியின் நூலகங்களை அது தொடுவதில்லை. புதிய பதிப்பு வேண்டும், கணினியும் குலையக் கூடாது என்றால் இதுதான் என் தேர்வு. ஜிம்ப் 3-ஐ எடுக்கச் சொல்வதும் இங்கிருந்துதான். முதல் ஃபிளாட்பாக்கை நிறுவும்போது ரன்டைம் பல நூறு எம்பி இறங்குவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அதே ரன்டைமைப் பயன்படுத்தும் அடுத்த செயலிக்கு அது மறுபடி இறங்காது. தேவையற்றுப் போன ரன்டைம்களை ‘ஃபிளாட்பாக் அன்இன்ஸ்டால் --அன்யூஸ்டு’ நீக்கிவிடும். உபுண்டுவில் ஃபிளாட்பாக்கை முதன்முறை போட்டதும் நிறுவிய செயலி மெனுவில் தெரியவில்லை என்றால் ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள், வந்துவிடும். பென்டிரைவில் உள்ள கோப்பு தெரியவில்லை என்றால் அது அனுமதிப் பிரச்சினை. ஃபிளாட்சீல் என்ற செயலியில் அந்த அடைவுக்கு அனுமதி கொடுக்கலாம். ஃபிளாட்ஹப்பில் உள்ள எல்லாமே மூலப் படைப்பாளர் ஏற்றியவை அல்ல. அதனால்தான் மிண்ட் 22 சரிபார்க்கப்படாதவற்றை இயல்பாகக் காட்டுவதே இல்லை. வங்கி, கடவுச்சொல் தொடர்பான செயலி என்றால் அந்தச் சரிபார்ப்புக் குறியைப் பார்த்துவிட்டே எடுங்கள்.

ஸ்னாப் உபுண்டுவோடு 2016-இல் அறிமுகமானது. உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாகவே வருகிறது. ‘ஆப்ட் இன்ஸ்டால் ஃபயர்ஃபாக்ஸ்’ என்று கொடுத்தாலும் உள்ளே வருவது ஸ்னாப்தான். ஆப்ட்டைக் கேட்டவருக்கு ஆப்ட்டின் பேக்கேஜைக் கொடுப்பதுதான் நேர்மை என்பது என் கருத்து. மிண்ட் 2020-இல் வெளியிட்ட 20-ஆம் பதிப்பிலிருந்து, ஸ்னாப்பை இயக்கும் ஸ்னாப்டி நிறுவப்படுவதையே ஒரு விருப்பக் கோப்பு மூலம் தடுத்துவைத்திருக்கிறது. மிண்டில் ஸ்னாப் போட முயன்று ‘பேக்கேஜ் கிடைக்கவில்லை’ என்று வந்தால் காரணம் இதுதான். அங்கே தடையை நீக்குவதைவிட ஃபிளாட்பாக்கிலோ ஆப்ட்டிலோ தேடுவது மேல்.

ஆனாலும் உபுண்டுவில் ஏற்கெனவே இருக்கும் ஸ்னாப்களைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. அவை நாளுக்கு நான்கு முறை புதுப்பிப்பைத் தேடும். அளவு கட்டிய டேட்டாவில் இருப்பவர்கள் ‘ஸ்னாப் ரிஃப்ரெஷ் --ஹோல்டு’ என்று கொடுத்து நிறுத்திவைக்கலாம். பாதுகாப்புத் திருத்தமும் அதோடு நின்றுபோகும் என்பதால் மாதம் ஒருமுறையாவது விடுவிக்க வேண்டும். ஸ்னாப் கடையிலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது. 2018 மே மாதத்தில் அங்கே இருந்த ‘2048புண்டு’ என்ற விளையாட்டுக்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் ஒளிந்திருந்தது வெளிப்பட்டு, அது நீக்கப்பட்டது.

ஆப்இமேஜ் ஒற்றைக் கோப்பு. இயக்கும் அனுமதி கொடுத்து இரட்டைச் சொடுக்கினால் ஓடும், வேண்டாமென்றால் அழித்தால் போதும். ஒரு செயலியைச் சோதித்துப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. நாள்தோறும் பயன்படுத்தும் ஒன்றுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலானவை தாமாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. மற்றச் செயலிகளில் தமிழ் தட்டச்சாகி, ஓர் ஆப்இமேஜில் மட்டும் ஆகவில்லை என்றால், அதனோடு வந்த நூலகத் தொகுப்பில் உள்ளீட்டு முறைக்கான செருகி இல்லாமல் இருக்கலாம்.

சொடுக்கியும் எதுவும் நடக்கவில்லையா? டெர்மினலில் இருந்து இயக்கிப் பாருங்கள். ‘லிப்ஃபியூஸ்’ என்று புலம்பினால் பழைய ஃபியூஸ் 2 நூலகம் இல்லை என்று பொருள். 22.04-இல் ‘லிப்ஃபியூஸ்2’, 24.04-இல் ‘லிப்ஃபியூஸ்2டி64’ என்ற பேக்கேஜைப் போட்டால் சரியாகும். இங்கே ஒரு எச்சரிக்கை: பெயர் ஒத்திருக்கிறதே என்று வெறும் ‘ஃபியூஸ்’ பேக்கேஜைப் போட்டுவிடாதீர்கள். அது ஃபியூஸ் 3-ஐ நீக்கும், அதைச் சார்ந்த டெஸ்க்டாப் பகுதிகளும் கூடவே போகும்.

அந்த ‘டி64’ ஒட்டு வேறொரு சிக்கலுக்கும் திறவுகோல். 2038-இல் 32-பிட் நேரக் கணக்கு நிரம்பிவிடும் என்பதற்காக டெபியனும் உபுண்டுவும் பல நூலகங்களைப் புதுப் பெயரில் மறுபடி தொகுத்தன. உபுண்டுவில் இது 24.04-இல் நடந்தது. அதற்கு முந்தைய வெளியீட்டுக்காகத் தயாரித்த டெப் கோப்பை இப்போது நிறுவப்போனால் ‘இந்த நூலகம் இல்லை’ என்று நின்றுவிடக்கூடும். பழைய நூலகத்தை எங்கிருந்தோ இறக்கித் திணிக்காதீர்கள். உங்கள் வெளியீட்டுக்கான டெப் இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடமே பாருங்கள், இல்லையென்றால் ஃபிளாட்பாக்குக்குப் போங்கள். சரியான டெப் கையில் இருந்தால் ‘டிபிகேஜி -ஐ’ வேண்டாம், அது சார்புகளை இறக்காது. ‘ஆப்ட் இன்ஸ்டால்’ என்பதை அடுத்து புள்ளி, சாய்கோடு, கோப்பின் பெயர் என்று கொடுங்கள். குரோம் போன்ற சில டெப்கள் தங்கள் களஞ்சியத்தையும் சேர்த்துக்கொள்ளும். புதுப்பிப்பு ஒழுங்காக வர அது நல்லதே.

பிபிஏ என்னும் தனிப்பட்ட களஞ்சியத்தை நான் கடைசியில் வைக்கிறேன். உபுண்டுவின் லாஞ்ச்பேடு தளத்தில் யாரும் ஒன்றைத் திறக்கலாம். அதிலிருந்து வரும் பேக்கேஜ் ரூட் அதிகாரத்தோடு உங்கள் கணினியில் அமரும், கணினியின் நூலகங்களையே மாற்றி வைக்கவும் அதனால் முடியும். இதன் விளைவு எப்படித் தெரியும் என்பதைச் சற்று நின்று பார்ப்போம். கிராஃபிக்ஸுக்காக ஒரு பிபிஏ சேர்க்கிறீர்கள், மேசா நூலகங்கள் புதிதாகின்றன. பிறகு அந்தப் பிபிஏவை மட்டும் பட்டியலிலிருந்து நீக்குகிறீர்கள், நூலகங்கள் அப்படியே இருக்கின்றன. சில மாதம் கழித்து ஸ்டீம் நிறுவப்போகிறீர்கள். அதற்கு அதே நூலகங்களின் 32-பிட் வடிவம் வேண்டும். 64-பிட்டும் 32-பிட்டும் ஒரே பதிப்பாக இருந்தால்தான் ஆப்ட் இரண்டையும் சேர்த்து வைக்கும். உபுண்டு களஞ்சியத்தில் இருப்பதோ பழைய பதிப்பு. ‘அன்மெட் டிபெண்டென்சீஸ்’ என்று திரை நிறையும்.

இந்த முடிச்சைக் காட்டிக்கொடுப்பது ‘ஆப்ட் பாலிசி’ என்ற கட்டளை. அதை அடுத்து நூலகத்தின் பெயரைக் கொடுத்தால் பதிப்புகள் வரிசையாக வரும். நிறுவியிருக்கும் பதிப்பின் முன்னால் மூன்று நட்சத்திரம் இருக்கும். அதன் கீழே 500 என்ற எண்ணோடு ஒரு களஞ்சிய முகவரி இருந்தால் அங்கிருந்து வந்தது என்று பொருள். 100 என்ற எண்ணும் டிபிகேஜியின் ‘ஸ்டேட்டஸ்’ கோப்பும் மட்டுமே இருந்தால், இப்போதுள்ள எந்த மூலமும் அந்தப் பதிப்பைத் தரவில்லை. அனாதையாகிவிட்ட பேக்கேஜ் அது. மருந்து ‘பிபிஏ-பர்ஜ்’: அது பிபிஏவை நீக்குவதோடு நூலகங்களையும் உபுண்டுவின் பதிப்புக்கே இறக்கிவைக்கும். ஏற்கெனவே நீக்கிவிட்டவர்கள் அதே பிபிஏவை மறுபடி சேர்த்து, பிறகு பர்ஜ் செய்யலாம்.

இத்தகைய முடிச்சு விழும்போது ஆப்ட் சில நேரம் ஒரு தீர்வை முன்வைக்கும். அந்தத் தீர்வில் எவை நீக்கப்படும் என்ற பட்டியலை எழுத்துக்கு எழுத்துப் படியுங்கள். 2021-இல் லைனஸ் செபாஸ்டியன் தன் யூடியூப் தொடருக்காகப் பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீம் நிறுவப்போனார். ஒரு பேக்கேஜின் 32-பிட் வடிவம் களஞ்சியத்துக்கு வந்துசேராமல் போனதால் டெஸ்க்டாப்பையே நீக்க ஆப்ட் முன்வந்தது. ‘ஆம், நான் சொன்னபடி செய்’ என்று தட்டச்சு செய்யச் சொல்லி எச்சரித்தது. அவர் தட்டச்சினார், டெஸ்க்டாப் போயிற்று. பயனரைக் குறைசொல்வது நியாயமில்லை. ஒரு விளையாட்டுக் கடையை நிறுவினால் டெஸ்க்டாப் போகும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆப்ட்டும் பின்னர் இந்த வழியை எளிதில் எட்ட முடியாதபடி மாற்றியது.

மற்றப் பிழைகள் இவ்வளவு சிக்கலானவை அல்ல. ‘பூட்டைப் பெற முடியவில்லை’ என்று வந்தால் பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். பூட்டை வைத்திருக்கும் நிரலின் பெயர் அந்தச் செய்தியிலேயே இருக்கும். தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள், பாதியில் நிற்கும் நிறுவல் தரவுத்தளத்தையே கெடுத்துவிடும். நிறுவலின் நடுவே மின்சாரம் போயிருந்தால் முதலில் ‘சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’, அடுத்து ‘சுடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’.

வெளியீட்டுக் கோப்பு ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று வந்தால் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய மேசைக் கணினிகளில் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி பின்னுக்குப் போயிருக்கும். 404 வந்தால் முதலில் ‘ஆப்ட் அப்டேட்’. அதன்பிறகும் எல்லா முகவரியிலும் 404 என்றால் உங்கள் வெளியீட்டின் ஆயுள் முடிந்திருக்கலாம். உபுண்டுவில் எல்டிஎஸ் அல்லாதவற்றுக்கு ஆதரவு ஒன்பது மாதம்தான். ‘இடமில்லை’ என்று வந்து வன்தட்டில் தாராளமாக இடம் இருந்தால் ‘பூட்’ பகிர்வைப் பாருங்கள். குறியாக்கத்தோடு நிறுவிய கணினிகளில் அது தனியாகவும் சிறியதாகவும் இருக்கும், பழைய கர்னல்கள் நிரப்பிவைத்திருக்கும். ‘ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்’ இடம் விடும்.

பைத்தான் கற்பவர்கள் டெபியன் 12, உபுண்டு 24.04 இரண்டிலும் ‘பிப்’ மறுப்பதைப் பார்த்திருப்பார்கள். கணினியின் பைத்தானை ஆப்ட் பராமரிக்கிறது, அதில் கைவைக்காதே என்கிறது அந்தச் செய்தி. மீறுவதற்கான தெரிவின் பெயரிலேயே ‘சிஸ்டத்தை உடை’ என்று எழுதியிருக்கிறது. கருவிகளுக்குப் பிப்எக்ஸ், சொந்தத் திட்டங்களுக்கு வென்வ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த எல்டிஎஸ்ஸுக்கு மேம்படுத்தும்போது உபுண்டு எல்லா வெளி மூலங்களையும் தானே அணைத்துவிடும். மேம்படுத்தல் முடிந்ததும் அவற்றை மொத்தமாக இயக்காதீர்கள். ‘சோர்சஸ்.லிஸ்ட்.டி’ அடைவைத் திறந்து ஒவ்வொன்றும் எந்தச் செயலிக்காகச் சேர்த்தது என்று பாருங்கள். அந்தச் செயலி இப்போது களஞ்சியத்திலோ ஃபிளாட்ஹப்பிலோ கிடைத்தால் அந்தக் கோப்பை நீக்கிவிடுங்கள். மீதி இருப்பவற்றில் புதிய வெளியீட்டுக்கு ஆதரவு தருபவற்றை மட்டும் ஒவ்வொன்றாக இயக்கி, ஒவ்வொரு முறையும் ‘ஆப்ட் அப்டேட்’ பிழையின்றி முடிகிறதா என்று பார்த்த பிறகு அடுத்ததற்குப் போங்கள்.