தானாக நிற்கும் மோட்டார்

அன்பு மருமகளுக்கு,

அம்மாச்சி வீட்டு போர் மோட்டாரையும் காம்பவுண்ட் விளக்குகளையும் போனிலிருந்தே இயக்க வேண்டும், என்னென்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். தொட்டி நிரம்பி வழிந்து சுவர் ஊறுவதையும், அதை நிறுத்த முழங்கால் வலியோடு அம்மாச்சி பின்கட்டுக்கு ஓடுவதையும் நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீ இதைக் கையில் எடுத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்றை மனதில் போட்டுக்கொள். மோட்டாரைப் போனில் ஓட விடுவது சுலபம். வைஃபை போனாலும், நீ வகுப்பில் இருந்தாலும், அது தானாக நிற்க வேண்டும். உன் உழைப்பில் முக்கால் பங்கு அதற்குத்தான் போகும்.

கடையில் 10 ஆம்பியர் என்று அச்சடித்த சின்ன வைஃபை ரிலே கிடைக்கும். ஒரு குதிரைத்திறன் 746 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் மூன்றேகால் ஆம்பியர்தானே, தாராளமாகத் தாங்குமே என்று தோன்றும். அந்த 746 வாட் மோட்டாரின் தண்டில் கிடைக்கிற சக்தி. உள்ளே ஆகும் இழப்பும் பவர் ஃபேக்டரும் சேர, வயரில் ஆறேழு ஆம்பியர் ஓடும். கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ரிலே மேல் போட்டிருக்கும் 10 ஆம்பியர் பெரும்பாலும் ஹீட்டர் மாதிரியான சுமைக்குச் சொன்ன கணக்கு. மோட்டார் என்பது சுருள். அணைக்கும்போது ரிலேயின் இரண்டு முனைகளும் விலகும் இடைவெளியில் பொறி தாவும். ஒவ்வொரு தாவலிலும் முனை கொஞ்சம் உருகும். ஒருநாள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்குப் போன் திரையில் ‘ஆஃப்’ என்றிருக்கும், கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் நடுவில் காண்டாக்டர் என்ற கனமான மின்காந்த சுவிட்ச் ஒன்று வேண்டும், மோட்டாருக்கென்றே சொல்லப்படும் ஏ.சி.-3 வகையில். வைஃபை ரிலே அந்தக் காண்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும்.

அப்படிச் செய்த பிறகும் போன் காட்டுவதை அப்படியே நம்பாதே. திரையில் தெரிவது நீ இட்ட கட்டளை. மோட்டார் நிஜமாக ஓடுகிறதா என்பதை வயரில் போகும் கரண்ட்தான் சொல்லும். அதை அளக்க சி.டி. என்ற வளையம் இருக்கிறது. அதற்குள் ஃபேஸ் வயரை மட்டும் விட வேண்டும். நியூட்ரலையும் சேர்த்து விட்டால், போகிற கரண்ட்டும் திரும்புகிற கரண்ட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அளவு பூஜ்யம் என்று வரும். வீட்டில் நாம் மாட்டும் ஆர்.சி.சி.பி. வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான்: அதன் வளையத்துக்குள் இரண்டு வயர்களும் போகும், எங்காவது கசிந்து கணக்கு உதைத்தால் உடனே துண்டிக்கும். ஈரத்தில் கை வைக்கிற இடங்களுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

சி.டி.யால் இன்னொரு பெரிய உபயோகம். சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர வைப்பது அதைச் சுற்றி ஓடும் தண்ணீர். கோடையில் போரில் நீர் இறங்கி, மோட்டார் வெறுமனே சுற்ற ஆரம்பித்தால் சூடேறிக் கெடும். இறைக்கத் தண்ணீர் இல்லாதபோது சுமை குறைவதால் கரண்ட்டும் குறையும். தண்ணீர் நன்றாக வரும் நாளில் எவ்வளவு இழுக்கிறது என்று குறித்து வை. அதிலிருந்து நன்றாகக் கீழே இறங்கி சில நொடி நீடித்தால் மோட்டார் நிற்க வேண்டும். போர் ஊறுவதற்கு நேரம் கொடுத்த பிறகே மறுபடி ஓட வேண்டும்.

மேல்தொட்டியில் நீர்மட்டம் பார்க்கும் ஃப்ளோட் சுவிட்சை மென்பொருளிடம் ஒப்படைக்காதே. தொட்டி நிரம்பியதும் ஃப்ளோட்டே காண்டாக்டர் காயிலுக்குப் போகும் வழியை அறுக்கட்டும். தண்ணீருக்குள் 230 வோல்ட் இறங்காதபடி, 12 வோல்ட் ரிலே வழியாக இதைச் செய். வயரை எலி கடித்துத் துண்டித்தாலும் மோட்டார் நிற்கிற மாதிரி இணைப்பு இருக்க வேண்டும். இதற்கு மேலே ஒரு நேர வரம்பு. ஆயிரம் லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு நாற்பது லிட்டர் என்றால் இருபத்தைந்து நிமிடத்தில் நிரம்பும். முப்பத்தைந்தில் நிற்கும்படி பேனலில் இருக்கும் கருவியிலேயே எழுதி வை. நிறுத்தும் கட்டளைக்காக அது இணையத்தைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது.

கரண்ட் போய் வந்ததும் மோட்டார் தானாகக் கிளம்பவும் விடாதே. வோல்டேஜ் நிலைக்கச் சில நிமிடம் ஆகட்டும்.

இதெல்லாம் புதுசு என்று நினைக்காதே. மும்முனை மின்சாரம் எப்போது வருமோ என்று காத்திருந்து, நடுராத்திரியில் பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்துபோய் ஸ்டார்டரைத் தட்டியவர்கள் நம் விவசாயிகள். அவர்களுக்காகப் புனேயின் சந்தோஷ் ஓஸ்ட்வால் ‘நானோ கணேஷ்’ என்ற கருவியை உருவாக்கினார். சாதாரண பட்டன் போனிலிருந்து கூப்பிட்டாலே வயல் மோட்டார் ஓடும், நிற்கும். கருவிகள் ஒன்றோடொன்று பேச நீ பயன்படுத்தப்போகும் எம்.க்யூ.டி.டி. என்ற நெறிமுறை கூட வீட்டுக்காகப் பிறந்ததில்லை. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க 1999-இல் எழுதப்பட்டது. இணைப்பு அடிக்கடி அறுபடும் என்று எதிர்பார்த்தே அமைத்தது. ஒரு கருவி சொல்லாமல் காணாமல் போனால், அதன் சார்பில் மற்றவற்றுக்குத் தகவல் அனுப்பும் ஏற்பாடு அதில் உண்டு. அதை மறக்காமல் போட்டு வை. இவற்றையெல்லாம் இயக்க, 2013-இல் தொடங்கிய ‘ஹோம் அசிஸ்டென்ட்’ என்ற மென்பொருள் உன் வீட்டுக் கணினியிலேயே ஓடும், இலவசம். வெளியூர் சர்வரை நம்பித் தண்ணீர் பிடிப்பதை விட அது எவ்வளவோ மேல்.

விளக்கு விஷயம் இத்தனை கடினமில்லை. நேரம் குறித்த டைமர் மட்டும் வேண்டாம்: சென்னையில் நவம்பர் கடைசியில் சூரியன் 5.40 வாக்கில் மறைகிறது, ஜூலை தொடக்கத்தில் 6.40 வாக்கில். ஹோம் அசிஸ்டென்டுக்கு ஊரின் இருப்பிடத்தைக் கொடுத்தால் அதுவே தினமும் கணக்குப் போடும். ஒளி உணரி வைப்பதானால் விளக்கின் வெளிச்சம் அதன்மேல் படாத இடத்தில் வை, இல்லாவிட்டால் விளக்கு விட்டு விட்டு எரியும். பதினொரு மணிக்கு மேல் ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் எரியட்டும். கண்கூசும் வெள்ளைக்குப் பதில் மஞ்சள் ஒளி போடு, பூச்சியும் குறையும். மழை படும் பெட்டி, விளக்கு எல்லாம் ஐ.பி.65 தரத்தில் இருக்கட்டும். வயர் கீழ்ப்பக்கமாக நுழையட்டும், மேலே துளை போட்டால் ஐப்பசி மழை நேரே உள்ளே இறங்கும்.

பழைய பச்சை, சிவப்புப் பொத்தான்களைக் கழற்றாதே. அம்மாச்சிக்குப் போன் தேவைப்படக் கூடாது. அதனால் காண்டாக்டர் வாங்குவதற்கு முன் பேனல் எந்த வகை என்று நான் பார்க்க வேண்டும். பச்சைப் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால்தான் கிளம்புகிறதா, தொட்டதுமே ஓடுகிறதா என்று அம்மாச்சியிடம் கேட்டுச் சொல். மூடியின் உள்பக்கம் வயரிங் படம் ஒட்டியிருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு. மூடியைத் திறப்பதற்கு முன் மெயினை அணைத்துவிடு. அணைத்த பிறகும் கபாசிட்டரில் கை வைக்காதே, அதில் மின்சாரம் தேங்கியிருக்கும். 230 வோல்ட் இணைப்புகளை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்வோம், நீ பக்கத்தில் நின்று பார்.

அன்புடன்,
மாமா