பொறி செய்த திருத்தம்

2008-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 31-ஆம் நாள், மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் விற்ற ‘ஸூன்’ என்னும் சிறிய இசைப்பெட்டிகளுள் 30 ஜிகாபைட் வகையைச் சேர்ந்தவை ஒருங்கே செயலற்று நின்றன. மின்கலம் முற்றும் ஓயும்வரை விட்டுவைத்து, மறுநாள் நண்பகலுக்குப்பின் இயக்குக என்று நிறுவனத்தார் அறிவித்தனர். அவ்வாறே செய்ய, அவை முன்போலப் பாடின.

கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளின் தொகுதியை நிரல் என்பர். அப்பெட்டியின் கடிகார நிரல், 1980 சனவரி முதலாகக் கழிந்த நாள்களின் தொகையைக் கொண்டு நடப்பு ஆண்டைக் கணித்தது. தொகை 365-ஐ விஞ்சியிருக்கும்வரை, சாதாரண ஆண்டிற்கு 365-உம் லீப் ஆண்டிற்கு 366-உம் கழித்து வருக என்பது கட்டளை. லீப் ஆண்டாயின், தொகை 366-ஐ விஞ்சினால் மட்டுமே கழிக்க வேண்டும். லீப் ஆண்டாகிய 2008-இன் இறுதி நாளில் எஞ்சிய தொகை சரியாக 366. அது 365-ஐ விஞ்சியது. ஆதலின் நிரல் ஓயவில்லை. 366-ஐ விஞ்சவில்லை; ஆதலின் கழிக்கவும் இல்லை. செக்கிற் பூட்டிய மாடுபோல ஓரிடத்தையே சுற்றி வந்தது. இசைப்பெட்டி நின்றால் ஒருநாட் பாட்டுப் போகும். நோயாளிக்கு மருந்து செலுத்தும் கருவியை இயக்கும் நிரலில் இத்தகைய பிழை நேரின் போவது உயிர்.

இத்தகைய பிழைகளை மனிதர் துணையின்றிப் பிறிதொரு நிரலே திருத்துமாறு செய்ய அறிஞர் முயன்றனர். வெசுட்லி வைமர், சுடெபனி பாரசுட்டு முதலியோர் 2009-இல் வெளியிட்ட ‘ஜென்ப்ராக்’ என்பது அவற்றுள் புகழ் பெற்றது. அது கட்டளைகளை நீக்கியும் இடம் மாற்றியும் வேறிடத்துக் கட்டளையைச் செருகியும் பல திரிபுகளை உண்டாக்கும். எல்லாச் சோதனைகளிலும் தேறுவதே திருத்தம் எனக் கொள்ளப்படும். சோதனையாவது, ‘இவ்வெண்ணைத் தந்தால் இவ்விடை வரவேண்டும்’ என முன்னரே எழுதி வைத்த வினாவும் விடையும். 2012-இல் 105 பிழைகளை ஆராய்ந்து 55-ஐத் திருத்தியதாக அக்குழுவினர் அறிவித்தனர்.

2015-இல் மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் ரினார்டும் அவர்தம் குழுவினரும் அத்திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தனர். உண்மையிற் சரியானவை 2 பிழைகளுக்கு மட்டுமே கிடைத்திருந்தன! ஏனையவற்றுட் பெரும்பாலானவை, பிழை இருந்த பணியையே நீக்கிவிட்டவை. சில சோதனைகள், விடை யாது என்று பாராமல், நிரல் ஒழுங்காக முடிந்ததா என்பதையே பார்த்திருந்தன. எண்களை வரிசைப்படுத்தும் நிரல் ஒன்றின் கதை இதனினும் சுவையானது. ‘விடையில் உள்ள எண்கள் வரிசையாக உள்ளனவா?’ என்று மட்டும் சோதனை வினவிற்று. ஜென்ப்ராக் செய்த திருத்தத்தின்படி நிரல் எண் ஒன்றும் இல்லாத வெற்று விடையைத் தந்து தேறிவிட்டது. சிதைந்த செய்யுளொன்றைச் செப்பனிடுவோன் சீரும் தளையும் பொருந்தக் கண்டு மகிழ்ந்து, பொருள் போனதை அறியாதிருத்தல் போன்றது இது.

நிரலில் ஒரே பிழை இருக்கும்போதே நிலைமை இது. பிழைகள் பலவாயின் மற்றோர் இடர் தோன்றும். அதனை ஒரு சிறு கணக்கால் உணரலாம்.

ஒரு நாள் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்று கூறும் நிரல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஆண்டு சாதாரண ஆண்டு. நிரலில் இரு பிழைகள்: பிப்ரவரிக்கு 28-க்கு மாறாக 27 நாள் எழுதப்பட்டுள்ளது, இறுதி விடையுடன் வேண்டாத 1 கூட்டப்படுகிறது. சோதனைகளும் இரண்டு. சனவரி 10-க்கு 10 வரவேண்டும், 11 வருகிறது. மார்ச்சு 1-க்கு 60 வரவேண்டும். 31, 27, 1 ஆகியவற்றோடு வேண்டாத 1-உம் சேர 60 வந்துவிடுகிறது. ஒரு பிழை மற்றொன்றை மறைத்துக்கொண்டது.

இப்போது வேண்டாத 1-ஐ நீக்கினால், சனவரி 10 சரியாகும். ஆயின் முன்பு தேறிய மார்ச்சு 1, 59 ஆகித் தவறும். பிப்ரவரியை மட்டும் 28 ஆக்கினாலோ, சனவரி 10-க்கு 11-உம் மார்ச்சு 1-க்கு 61-உம் வந்து இரண்டும் தவறும். இரு திருத்தங்களும் தம்மளவில் நேரியவை. எனினும் தனித்தனியே சோதிக்கும் பொறி இரண்டையும் தள்ளிவிடும். ‘திங்கள் சனவரியாயின் ஒன்று குறைக்க’ என்னும் போலித் திருத்தமோ இரு சோதனைகளிலும் தேறும். பிப்ரவரி 5-ஐ வினவினாற்றான் 36-க்கு மாறாக 37 வந்து அதன் போலித்தன்மை வெளிப்படும்.

இரு திருத்தங்களையும் இணைத்துப் பார்க்கலாகாதோ எனின், பார்க்கலாம். ஆயின் செலவு பெருகும். ஒவ்வோர் இடத்திலும் 100 மாற்றங்கள் இயலுமாயின், ஈரிடத்துக்கு 10,000 இணைகள். மூவிடத்துக்கு 10 இலட்சம். ஆதலின், சில சோதனைகளில் தேறி வேறு சிலவற்றில் தவறிய திருத்தத்தை உடனே எறியாது, மற்றொரு பிழை மறைந்திருத்தல் கூடும் என்று கருதிப் பேணி வைக்கும் முறைகளும் வகுக்கப்படுகின்றன.

தேறிய திருத்தத்தை மெய்யெனத் துணிவதற்கும் வழிகள் உள. மனிதர் செய்த திருத்தத்தோடு ஒப்பிடுதல் ஒன்று. நிரல் செய்யவேண்டுவது இன்னதென்று கணித மொழியில் வரைந்து, எல்லா உள்ளீடுகளுக்கும் அது பொருந்துமென நிறுவுதல் மற்றொன்று. இதுவே உறுதி மிக்கது, ஆயினும் பெரிய நிரல்களுக்கு அரிது. பொறிக்குக் காட்டாது மறைத்து வைத்த சோதனைகளால் ஆராய்தல் இன்னொன்று. ஜென்ப்ராக்கை ஆக்கியோருள் ஒருவரான கிளேர் லே கூசும் பிறரும் 2015-இல் மாணவர் எழுதிய சிறு நிரல்களைக் கொண்டு இம்முறையைக் கையாண்டனர். ஒரு சோதனைத் தொகுதியைப் பொறிக்குக் கொடுத்து, மற்றொன்றைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். முதலாவதில் முழுதும் தேறிய திருத்தங்கள் பல, இரண்டாவதில் தவறின. முன்பு நன்றாக நடந்துகொண்டிருந்த பணிகளைக் கெடுத்தவையும் அவற்றுள் இருந்தன.