எந்த உபவாக்கியம், எந்த ஸ்தானத்தில்?

ஆங்கிலத்தில் தனித்து நிற்க இயலாத உபவாக்கியங்களை, பெயராய் நிற்பது, பெயரை விசேஷிப்பது, வினையை விசேஷிப்பது என்று மூன்றாக வகுத்துரைப்பது பாடப்புத்தக மரபு. ஆயினும் முதற்சொல்லைக் கொண்டே இனங்காண முயலும் மாணவர், ‘வென்’ என்று தொடங்குவதெல்லாம் காலங்காட்டும் வினை விசேஷணமே என்று முடிவு கட்டிவிடுவதால், பரீட்சையில் மட்டுமன்றிப் பேச்சிலும் இடறுகின்றனர்.

‘வென் ஹி கேம்’ என்ற ஒரே தொடர், ‘ஐ டோன்ட் நோ வென் ஹி கேம்’ என்னுமிடத்து, அறியாதது எது என்ற வினாவுக்கு விடையாகிப் பெயராகிறது. ‘தி டே வென் ஹி கேம்’ என்னுமிடத்து, எந்த நாள் என்று சுட்டி நாளை விசேஷிக்கிறது. ‘ஐ வாஸ் அஸ்லீப் வென் ஹி கேம்’ என்னும்போதுதான் உறங்கிய காலத்தைச் சொல்லி வினையைத் தழுவுகிறது.

இப்பாகுபாடு வெறும் பெயரிடும் சடங்கு அன்று. வருங்காலத்தைப் பேச நேர்கையில் பெயராய் நிற்பது ‘வில்’ என்பதை ஏற்கும். காலங்காட்டுவது பொதுவாக ஏற்காது. ஆகவே ‘ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்’ என்று எழுதும் கையே, ‘ஐ ஷல் லீவ் வென் ஹி கம்ஸ்’ என்று நிகழ்காலத்தில் முடிக்கவும் பழக வேண்டும். ‘இஃப்’ என்பதற்கும் இதே நியாயந்தான். (மனமிசைவைக் கேட்கும் விநயமான ‘இஃப் யூ வில்’ தனி வழக்கு, அதை இங்கே இழுக்க வேண்டியதில்லை.)

பெயரை விசேஷிக்கும் வகையிலோ தேர்வு இன்னும் சூக்ஷ்மமானது. ‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் லண்டன்’ என்று காற்புள்ளியின்றி எழுதினால், சகோதரர் பலருள் லண்டன்வாசியைப் பிரித்துக் காட்டியதாகும். உபவாக்கியத்தின் இருபுறமும் காற்புள்ளியிட்டால், சகோதரர் ஒருவரே, லண்டன் வாசம் உபரிச் செய்தி என்றாகும். ‘லண்டனில் வசிக்கும் என் சகோதரர்’ என்னும் நம் பெயரெச்சத் தொடர் இரண்டுக்கும் பொதுவாய் நிற்பதால், இக்காற்புள்ளி நமக்கு இயல்பாக வருவதில்லை.

அஃறிணைப் பொருளாயின், பிரித்துக் காட்ட ‘தட்’, உபரிச் செய்திக்கு ‘விச்’ என்று, 1926-இல் வெளிவந்த தம் வழக்கு அகராதியில் ஹென்றி ஃபௌலர் பரிந்துரைத்தார். எழுத்தாளர் பெரும்பாலோர் அவ்வாறு எழுதுவதில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். அமெரிக்கப் பதிப்பாசிரியர் பலர் அதனை விதியாகவே கொள்ள, இங்கிலாந்திலோ காற்புள்ளியற்ற ‘விச்’ இன்றும் தாராளமாய் வழங்குகிறது. பயிலத் தொடங்குபவர் ஃபௌலரைப் பின்பற்றுவதில் நஷ்டமில்லை. பயின்றவர் ‘விச்’ என்பதை இரண்டிடத்தும் ஆளலாம். உபரிச் செய்திக்காகக் காற்புள்ளியிட்டபின் ‘தட்’ எழுதுவதை மட்டும் இருசாராரும் தவிர்ப்பது உசிதம்.